ஊர் திரும்பியவனின் சம்பள பாக்கி

ஃபிலடெல்ஃபியாவில் மூன்றாம் தெருவும் பைன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு செங்கல் வீடு இருக்கிறது. அமெரிக்க தேசியப் பூங்காத் துறை பராமரிக்கும் இடங்களிலேயே மிகச் சிறியது இதுதான். மொத்தமே 0.02 ஏக்கர், நம் கணக்கில் இரண்டு சென்ட். நியூ ஜெர்சியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, "அப்பா, உங்களை மாதிரி ஒரு இன்ஜினியர் தங்கியிருந்த வீடு, வந்து பாருங்கள்" என்று அழைத்துப் போனாள். ததேயுஷ் கொஷ்சியூஷ்கோ என்ற பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

போலந்துக்காரர். பிரிட்டனுக்கு எதிராக அமெரிக்கா சுதந்திரப் போர் நடத்திக்கொண்டிருந்த 1776-இல் அங்கே வந்து, அந்த ஆண்டு அக்டோபரில் கர்னல் பதவியோடு ராணுவப் பொறியாளராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 60 டாலர். சரடோகா போருக்கு முன் பெமிஸ் குன்றுகளில் அரண் அமைத்தவர் அவர். வெஸ்ட் பாயிண்ட் கோட்டையைக் கட்டியவரும் அவர்தான். போர் முடிந்தது, அமெரிக்கா ஜெயித்தது, ஆனால் அவருடைய சம்பளம் பாக்கி. 1784-இல் பாக்கித் தொகைக்கான ஒரு சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலேறி ஊருக்குப் போனார். 1797-இல், ரஷ்யச் சிறையிலிருந்து விடுதலையாகி, போர்க்காயம் ஆறாத உடம்போடு மறுபடி ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து இந்த வீட்டின் மாடி அறையில் தங்கினார். அப்போதும் அந்தக் கணக்கு முடிந்திருக்கவில்லை.

அந்த அறையில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2016-இல் வளைகுடா நாடு ஒன்றில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக இருந்தேன். எண்ணெய் விலை விழுந்து, அரசு வேலைகளுக்கான பில்கள் நின்றுபோயின. முதலில் சம்பளம் இரண்டு மாதம் தள்ளியது, அப்புறம் ஐந்து மாதம். ஒன்பதாவது மாதம் கேம்பில் மெஸ்ஸை மூடினார்கள். அலுவலகத்தில் கூப்பிட்டு, "இரண்டு மாதச் சம்பளமும் டிக்கெட்டும் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடு" என்று ஒரு தாளை நீட்டினார்கள். முழுவதும் அரபியில் இருந்தது. பதினொரு வருட சர்வீஸ் பணம் உட்பட எல்லா பாக்கியையும் பெற்றுக்கொண்டேன் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அக்கவுண்ட்ஸில் இருந்த மலையாள நண்பர் ஒருவர்தான் வாசலில் நின்று, வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஃபிலடெல்ஃபியாவிலிருந்து திரும்பிய பிறகு, அமெரிக்கப் புரட்சிப் போரில் சண்டையிட்ட வெளிநாட்டு அதிகாரிகள் சம்பளத்துக்காக என்ன பாடுபட்டார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். 240 வருடத்துக்கு முந்தைய கதை. ஆனால் என் கேம்பில் நடந்ததற்கும் அதற்கும் நான் நினைத்ததைவிட அதிக ஒற்றுமை இருந்தது.

முதலில், பணம் ஏன் வரவில்லை என்பது. அன்றைய அமெரிக்க காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. நோட்டு அச்சடித்துப் போர் நடத்தினார்கள். 1780 மார்ச்சில் 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே மதிப்பைக் குறைத்தது. அடுத்த வருடம் அந்த நோட்டு செல்லாக்காசாகிவிட்டது. இறக்குமதிப் பொருளுக்கு ஐந்து சதவீத வரி போட்டு ராணுவக் கடனை அடைக்கலாம் என்றால் பதின்மூன்று மாநிலமும் சம்மதிக்க வேண்டும். 1782-இல் ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் ஒன்று மறுத்ததும் திட்டமே நின்றது. ஆக, ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் காங்கிரஸுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, கஜானாதான் காலி. என் நிறுவனமும் அப்படித்தான். இது தெரிந்தபின் எனக்குக் கோபம் பாதி குறைந்தது, யோசிக்க முடிந்தது. முதலாளி கெட்டவரா நல்லவரா என்ற பேச்சில் நாங்கள் கேம்பில் இரண்டு மாதத்தை வீணாக்கியிருந்தோம். பணம் எங்கே மாட்டியிருக்கிறது, அது எப்போது எந்த வழியாக வரும், வரும்போது வரிசையில் நம் பெயர் இருக்குமா, இவற்றைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

வரிசை என்று சொன்னேன். அதுதான் வெளிநாட்டவருக்கு உண்மையான சிக்கல். பென்சில்வேனியா படையில் இருந்தவனுக்கு பென்சில்வேனியா மாநிலம் இருந்தது, வர்ஜீனியா படையில் இருந்தவனுக்கு வர்ஜீனியா. நோட்டு மதிப்பிழந்ததால் சம்பளத்தில் விழுந்த நஷ்டத்தை அந்தந்த மாநிலம் தன் ஆட்களுக்கு ஓரளவு ஈடுகட்டியது. பொறியாளர் படையிலும் குதிரைப்படை லெஜியனிலும் இருந்த பிரெஞ்சுக்காரர், போலந்துக்காரர், ஜெர்மானியருக்கு எந்த மாநிலம்? யாருடைய வாக்காளர்களும் அல்ல அவர்கள். கடன் வாங்கிச் சாப்பிட அங்கே சொந்தக்காரர்களும் இல்லை. எங்கள் கேம்பிலும் உள்ளூர்க்காரர்கள் கணக்கு முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது.

இந்த நிலையில் அவர்கள் செய்த ஒரு காரியத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அர்மான் என்ற பெயரில் சண்டையிட்ட பிரெஞ்சுப் பிரபு, பிரிகேடியர் ஜெனரல். போரின் நடுவே பிரான்ஸுக்குப் போய்த் தன் சொந்தக் காசில் படைக்கு ஆயுதமும் உடையும் வாங்கி வந்தவர். போர் முடிந்ததும் அவரும் கப்பலேறியிருக்கலாம். போகவில்லை. தன் கீழே இருந்த வெளிநாட்டு அதிகாரிகளுக்காகவும் சேர்த்து காங்கிரஸிடம் மனு கொடுத்தார். ஊருக்குப் போகக் கையில் காசில்லை, தங்கியிருக்கவும் வழியில்லை என்ற நிலைமையை எடுத்துச் சொன்னார். 1784 தொடக்கத்தில் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. கடனை அடைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் அளவுக்கு உடனே ஒரு தொகை, மீதிக்குச் சான்றிதழ், அந்தச் சான்றிதழுக்கு வருடம் 6 சதவீத வட்டி, அந்த வட்டி பாரிஸில் கிடைக்கும்.

இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியிலிருந்து வட்டி, எந்த ஊரில் கொடுக்க வேண்டும், இந்த மூன்றும் காகிதத்தில் இருந்தன. அமெரிக்க அதிகாரிகளுக்கும் அதே காலத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். அவர்களில் பலர் வயிற்றுப்பாட்டுக்காக அதை டாலருக்குப் பத்து, இருபது சென்ட் விலையில் வியாபாரிகளுக்கு விற்றுவிட்டார்கள். சில வருடம் கழித்து அரசு முழு மதிப்பைக் கொடுத்தபோது லாபம் யாருக்கோ போனது.

எங்களுக்கு அந்த மலையாள நண்பர்தான் அர்மான். அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, பேசாமல் போயிருக்கலாம். இருபத்து மூன்று பேருடைய கணக்கையும் உட்கார்ந்து எழுதினார். அவரவர் மாதச் சம்பளம், பாக்கி மாதம், ஓவர்டைம், விடுப்புச் சம்பளம், சர்வீஸ் பணம். எல்லாரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டோம். தனித்தனியாகப் போனபோது கதவைத் திறக்காத அலுவலகம், இருபத்து மூன்று பேர் சேர்ந்து தொழிலாளர் துறைக்கும் நம் தூதரகத்துக்கும் நகல் அனுப்பியதும் உட்கார்ந்து பேசியது. "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளுக்குப் பதிலாக, "இந்தத் தேதி வரை இவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இவ்வளவு" என்று லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு கடிதம் தந்தார்கள். அந்த இரண்டு மாதச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டோம், ஆனால் "மொத்த பாக்கியில் ஒரு பகுதி" என்று ரசீதில் எழுத வைத்த பிறகு.

பகுதிப் பணத்தை வாங்குவதா வேண்டாமா என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. வாங்கினால் தோற்றுப்போனதாக அர்த்தம் என்று இரண்டு பேர் கடைசி வரை வாங்கவில்லை. அவர்களை நினைக்கும்போது எனக்கு லான்ஃபான் ஞாபகம் வரும். அவரும் புரட்சிப் போரில் பொறியாளராக இருந்த பிரெஞ்சுக்காரர், பிறகு வாஷிங்டன் நகரத்துக்கே வரைபடம் போட்டவர். 1792-இல் அந்த வேலைக்கு 500 கினி பொற்காசும் நகரத்தில் ஒரு மனையும் தருவதாகச் சொன்னார்கள். தன் உழைப்புக்கு அது ஈடாகாது என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அதன்பின் வருடக்கணக்காக மனு எழுதியே தேய்ந்து, 1825-இல் ஒரு நண்பர் வீட்டுத் தயவில் இறந்தார். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் கிடைப்பதை வாங்கிக்கொண்டு, மீதிக்கான உரிமையை எழுத்தில் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன்.

வாய்ப்பேச்சை நம்பியவர் கதை ஸ்டூபனுடையது. பிரஷ்யாக்காரர், வேலி ஃபோர்ஜ் என்ற ராணுவ முகாமின் பனியில் நின்று வாஷிங்டனின் படைக்கு டிரில் கற்றுக்கொடுத்தவர். 1778-இல் யார்க் நகரத்தில் காங்கிரஸ் குழு ஒன்றோடு பேசினார். இப்போது சம்பளம் வேண்டாம், செலவைப் பாருங்கள், போரில் ஜெயித்தால் எனக்குரியதைச் செய்யுங்கள் என்பது அவர் புரிந்துகொண்ட ஒப்பந்தம். காங்கிரஸ் பதிவிலோ அவர் எதையும் கேட்காமல் சேவை செய்ய வந்ததாகத்தான் இருந்தது. போர் முடிந்து கேட்டபோது, அந்தக் குழுவில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்து அன்று என்ன பேசினோம் என்று எழுதி வாங்க வேண்டியதாயிற்று. எல்லாருடைய ஞாபகமும் ஒத்துப்போகவில்லை. நடுவில் சில தொகைகள் கிடைத்தாலும், கடைசியில் 1790-இல்தான் ஆயுள் முழுக்க வருடம் 2,500 டாலர் என்று சட்டம் போட்டார்கள். அதை அனுபவித்தது நான்கு வருடம், 1794-இல் இறந்துவிட்டார்.

எனக்கும் இப்படி ஒன்று உண்டு. கடைசி வருடம் கூடுதல் பொறுப்புக்கு மாதம் இவ்வளவு என்று பிராஜெக்ட் மேனேஜர் வாயால் சொன்னார். மெயில் அனுப்பியிருந்தால் போதும், "நேற்று பேசியபடி" என்று இரண்டு வரி. அனுப்பவில்லை. அவர் வேலையை விட்டுப் போனதும் அந்தப் பணம் போயே போய்விட்டது. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம்தான். டைம்ஷீட்டை மட்டும் மாதாமாதம் ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அது என்னைக் காப்பாற்றியது. பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு லஃபாயெத்தைச் சொல்லலாம். சம்பளமே வேண்டாம் என்று அந்தப் போரில் சேவை செய்த பிரெஞ்சுக்காரர். 1794-இல் அவர் பிரஷ்யச் சிறையில் கிடந்தபோது, மேஜர் ஜெனரலாக அவர் இருந்த காலத்தைக் கணக்கிட்டு 24,424 டாலர் கொடுக்க காங்கிரஸ் முடிவெடுத்தது. பதவியும் தேதியும் ஏட்டில் இருந்ததால்தான் அப்படிக் கணக்கிட முடிந்தது.

சான்றிதழ் கையில் வந்ததோடு கதை முடியவில்லை. பாரிஸில் ஃபெர்டினான் கிராண் என்ற வங்கியாளர் மூலம் வட்டி கொடுத்தார்கள். கொஞ்ச காலம் வந்தது, அப்புறம் நின்றுபோனது. அதிகாரிகள் பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதர் ஜெஃபர்சனுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். கொடுக்க அவரிடம் காசில்லை, ஆனால் அவர் கைவிடவும் இல்லை. இந்தக் கடன் தொகையில் சின்னது, இதைக் கொடுக்காமல் இருப்பதால் ஐரோப்பாவில் அமெரிக்காவின் பெயர் கெடுவது பெரிது என்று ஊருக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். 1788-இல் ஆம்ஸ்டர்டாமில் புதுக் கடன் வாங்கிய பிறகு அதிலிருந்து வட்டிப் பாக்கிக்கு வழி பிறந்தது. 1792 மே மாதம் அசலையே அடைக்கச் சட்டம் வந்தது. மொத்தக் கடன் இரண்டு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அப்போது அமெரிக்காவுக்கு ஆலந்தில் 4, 5 சதவீதத்துக்குக் கடன் கிடைத்தது. 6 சதவீதக் கடனை வைத்திருப்பது நஷ்டம் என்பதால் அடைப்பதே லாபம். வட்டியைப் பற்றி அவர்கள் அன்று எழுதி வாங்கிய அந்த ஒரு வாக்கியம்தான் எட்டு வருடம் கழித்து அவர்களுக்காகப் பேசியது என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் கடிதத்தில் வட்டி இல்லை. கேட்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. பணம் எங்கே வர வேண்டும் என்பதையும் நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது பெரும்பாலானவர்கள் அங்கே இருந்த வங்கிக் கணக்கை மூடிவிட்டோம். 2018-இல் தொழிலாளர் நீதிமன்றம் எங்களுக்குச் சாதகமாகச் சொன்னபோது, பணத்தை எந்தக் கணக்கில் போடுவது என்ற கேள்வியிலேயே ஐந்து மாதம் ஓடியது. கடிதம் வாங்கும்போதே இந்தியக் கணக்கு எண்ணையும் வங்கியின் ஸ்விஃப்ட் கோடையும் அதில் எழுத வைத்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை.

நான் செய்த ஒரே நல்ல காரியம், கிளம்புவதற்கு முன் அங்கேயே தங்கிவிட்ட நண்பருக்கு பவர் எழுதிக் கொடுத்தது. புகார் கொடுக்க, நீதிமன்றத்தில் ஆஜராக என்று தெளிவாக எழுதி, பணம் வாங்கும் அதிகாரத்தை மட்டும் தனியாக, இந்தத் தொகை வரை என்று வரையறுத்துக் கொடுத்தேன். ஊருக்கு வந்தபின் பவர் அனுப்பியவர்களுக்கு நோட்டரி, வெளியுறவுத் துறை, தூதரகம், அரபி மொழிபெயர்ப்பு என்று மாதக்கணக்கில் இழுத்தது. அதற்குள் புகார் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டால் அவ்வளவுதான். அந்தக் கெடு நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் ஒரே வருடம்தான். விமானம் ஏறுவதற்கு முன்பே விசாரித்துப் புகாரைப் பதிவு செய்துவிட வேண்டும், எண் வாங்கிவிட வேண்டும். நம் வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற இணையப் புகார்த் தளத்திலும் புகாரைப் போட்டு வைத்தேன். அதனால் பணம் வந்துவிடாது, ஆனால் தூதரகத்தில் ஃபைல் ஒன்று திறக்கும். ஜெஃபர்சன் செய்தது போல, உரிய இடத்தில் நமக்காகத் திரும்பத் திரும்ப எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு நாம் அனுப்பும் கடிதங்கள் ஒரே பக்கமாக, தொகையும் புகார் எண்ணும் முதல் வரியிலேயே தெரியும்படி இருக்க வேண்டும். என் முதல் கடிதங்களில் என் கஷ்டத்தைத்தான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். பதிலே வரவில்லை.

2019-இல் இரண்டு தவணையாக எனக்குப் பணம் வந்தது. கேட்டதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். மகளின் மேற்படிப்புக்கு வாங்கிய கடன் அதில்தான் முடிந்தது.

கொஷ்சியூஷ்கோவுக்கு 1798-இல் கொடுத்தார்கள். அசல் 12,280 டாலர், வட்டி 2,947. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், 6 சதவீதத்தில் சரியாக நான்கு வருட வட்டி. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் செய்தது என்னைக் கலங்கடித்தது. மே மாதம் ரகசியமாக ஐரோப்பாவுக்குக் கிளம்பும் முன், தன் அமெரிக்கச் சொத்து முழுவதையும் அடிமைகளை விலைக்கு வாங்கி விடுவிக்கவும் அவர்களைப் படிக்கவைக்கவும் செலவிட வேண்டும் என்று உயில் எழுதி ஜெஃபர்சனை நிறைவேற்றுபவராகப் போட்டார். பதினான்கு வருடம் காத்திருந்து வாங்கிய சம்பளம் அது. ஆனால் பின்னாளில் அவர் மேலும் மூன்று உயில்கள் எழுதினார். 1817-இல் அவர் இறந்த பிறகு ஜெஃபர்சன் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். வழக்கு வளர்ந்துகொண்டே போய், 1852-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பணம் அவருடைய உறவினர்களுக்கே என்று தீர்ப்பளித்தது. ஒருவரைக்கூட அந்தப் பணம் விடுவிக்கவில்லை. மூன்றாவது உயிலில் பழையதை ரத்து செய்ததாக எழுதிய ஒரு வரிதான் காரணம்.

வாரிசு விஷயம் என்றால் எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எங்கள் இருபத்து மூன்று பேரில் ஒருவர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர், தீர்ப்பு வருவதற்கு நான்கு மாதம் முன்பு இறந்துவிட்டார். அவருடைய தொகை நீதிமன்றக் கணக்கில் கிடக்கிறது. மனைவியின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்ததால் வாரிசுச் சான்றிதழ் மூன்று முறை திரும்பி வந்தது. கெஜட்டில் பெயரைத் திருத்தி, மறுபடி மனு கொடுத்து, போன மாதம் தாசில்தார் கையெழுத்து ஆகிவிட்டது. அடுத்தது சென்னையில் வெளியுறவுத் துறை முத்திரை, அப்புறம் அந்த நாட்டுத் தூதரகம். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.